குறு, சிறு தொழிலுக்குத் திடீர்ச் செலவு வந்தால்: அரசு உதவியை எந்த வரிசையில் கேட்பது

கம்ப்ரஸர் மோட்டார் எரிந்துபோகிறது. கிடங்குக்குள் மழைநீர் புகுந்து சரக்கு நனைகிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஐந்து மாதமாகப் பில்லுக்குப் பணம் தராமல் இருக்க, அந்தப் பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை நம் கையிலிருந்து கட்டியாயிற்று. இத்தகைய நேரங்களில் தொழில் செய்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு மானியம் ஏதாவது உண்டா?" என்பதே. சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வங்கிக்கு உடன் சென்று பார்த்ததில், அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியவர்கள்தாம் அதிக நாள்களை இழந்தார்கள்.

காரணம் எளியது. நடந்துகொண்டிருக்கும் தொழிலின் திடீர்ச் செலவை ஈடுகட்ட நேராகப் பணம் தரும் நிலையான திட்டம் ஏறக்குறைய இல்லை. இருப்பவை நான்கு வகை: கட்ட வேண்டிய கடனுக்கு அவகாசம், வர வேண்டிய பணத்தைச் சட்டப்படி வாங்கும் வழி, சொத்துப் பிணை இல்லாத புதுக்கடன், பேரிடர் அறிவிக்கப்பட்டால் மட்டும் திறக்கும் சிறப்பு உதவி. இவற்றை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பது முக்கியம். ஒன்றில் தேதி தவறினால் மற்றவற்றின் கதவும் மூடிக்கொள்ளும். கீழே உள்ளவை தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மத்திய அரசின் விதிகள் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

1. முதலில் நாள்காட்டியை எடுங்கள்

கடன் இருக்கும் தொழிலுக்குச் செலவு வந்த நாளைவிட, அடுத்த தவணை தவறும் நாள் முக்கியமானது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி நிலுவை ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. மார்ச் 31 அன்று கட்ட வேண்டிய தவணை முழுமையாகக் கட்டப்படாவிட்டால், அந்தக் கணக்கு அன்றே எஸ்.எம்.ஏ. 0 எனும் கண்காணிப்பு நிலைக்குப் போகும். ஏப்ரல் 30இல் எஸ்.எம்.ஏ. 1, மே 30இல் எஸ்.எம்.ஏ. 2, ஜூன் 29இல் வாராக்கடன்.

"மார்ச், ஏப்ரல், மே, மூன்று தவணை விட்டால்தானே வாராக்கடன், இரண்டைக் கட்டிவிட்டேனே" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தவணைகளின் எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. மிகப் பழைய நிலுவை எத்தனை நாளாக நிற்கிறது என்பதே கணக்கு. அதோடு, வாராக்கடனாகிவிட்ட பிறகு ஒரு பகுதியைக் கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் திரும்பும். ஆகவே ஒரு தாளில், தவறிய அல்லது தவறப்போகும் தவணையின் தேதியையும், அதிலிருந்து 30, 60, 90ஆம் நாள்களையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் எல்லாம் அந்தத் தாளுக்கு உட்பட்டவை.

கேஷ் கிரெடிட் அல்லது ஓ.டி. (வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) வைத்திருப்போருக்குத் தவணை கிடையாது. வரம்புக்கு மேல் பாக்கி தொடர்ந்து எத்தனை நாள் நிற்கிறது என்பதே அங்கு எண்ணப்படும்.

2. உத்யம் பதிவைச் சரிபாருங்கள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு நடத்தும் இணையவழிப் பதிவே உத்யம். இது 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாக உள்ளவர்களுக்கு அந்த எண்ணும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு ரூ.2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் ரூ.10 கோடிக்கும் மிகாத தொழில் குறுந்தொழில், ரூ.25 கோடி, ரூ.100 கோடி என்பவை சிறுதொழிலின் வரம்புகள். பான், ஜி.எஸ்.டி. இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு உத்யம் அசிஸ்ட் என்னும் தனித்தளம் இருக்கிறது.

இதைச் செலவு வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. நிலுவைப் பணம் கேட்டு வழக்காடும்போது, சரக்கு அனுப்பிய நாளில் பதிவு இருந்ததா என்பதே முதலில் எழும் எதிர்வாதம். பிறகு பதிந்து முன்தேதிப் பில்களுக்கு உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. இந்தக் கேள்வி இன்னும் விவாதத்தில் இருந்தாலும், அந்த விவாதத்தின் முடிவை நம்பி ஒரு சிறுதொழில் காத்திருக்க முடியாது.

பதிவு இருப்பவர்களும் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, தொழில் வகை. தைத்து விற்பவர், பதிவு செய்து கொடுத்தவர் அவசரத்தில் தட்டியதால் வெறும் 'சில்லறை வணிகம்' என்று பதிவாகியிருப்பார். வணிகர்களுக்கு உத்யம் பதிவின் பயன் முன்னுரிமைக் கடன் அளவில் நின்றுவிடும். நிலுவைப் பணத்தை வாங்கச் சட்டம் தரும் பாதுகாப்பு (6ஆம் படியில் வருவது) கிடைக்காது. இரண்டாவது, பெயர். உத்யம், பான், ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் தொழிலின் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறியதற்காக விண்ணப்பம் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

3. சேதம் என்றால்: அள்ளிக் கொட்டும் முன் ஆதாரம்

தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றில் சரக்கோ இயந்திரமோ சேதமானால், பட்டறையைச் சுத்தம் செய்துவிட்டு மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டும் என்றுதான் கை துடிக்கும். அந்த ஒரு நாள் அவசரம் பல மாத இழுபறியாக முடியும். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருளை அப்புறப்படுத்தாதீர்கள்; அழுகும் பொருளாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகு அகற்றுங்கள்.

சுவரில் நீர் ஏறிய தடம், இயந்திரத்தின் வரிசை எண் பொறித்த தகடு, சரக்கு அடுக்கின் மொத்தத் தோற்றம், ஒவ்வொரு வகைச் சரக்கின் அருகுப் படம் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி எடுங்கள். கடைசியாக வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் (சரக்கு இருப்புக் கணக்கு) கொள்முதல் பில்களையும் எடுத்து வையுங்கள். அந்த ஸ்டேட்மென்ட்டில் கடன் வரம்புக்காகச் சரக்கைக் கூட்டிக் காட்டியிருந்தாலும், சோம்பலில் குறைத்துக் காட்டியிருந்தாலும், இழப்பீட்டுக் கணக்கில் அது அப்படியே திரும்பி வரும்.

"எனக்குக் காப்பீடு இல்லை" என்று சொல்வதற்கு முன் வங்கியில் கேளுங்கள். கடன் கொடுத்த வங்கி, உங்கள் கணக்கிலிருந்தே பிரீமியம் பிடித்துச் சரக்குக்குப் பாலிசி எடுத்திருக்கலாம். ரூ.5 கோடி வரை மதிப்புள்ள தொழிலிடங்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற நிலையான பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். பாலிசியில் எழுதியுள்ள முகவரியைச் சரிபாருங்கள். பட்டறையை அடுத்த தெருவுக்கு மாற்றியவர் பாலிசியை மாற்ற மறப்பது சர்வ சாதாரணம்.

ஒரு வரிச் செய்தியும் உண்டு. அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.), ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும். எனவே இழப்பீடு கோரும்போது சரக்கின் மதிப்போடு அந்த வரித் தொகையையும் சேர்த்துக் கேட்குமாறு ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

4. வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள படி. பெரும்பாலோர் தவறவிடும் படியும் இதுவே. மேலாளரை நேரில் பார்த்துப் பேசுகிறார்கள். அவரும் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்கிறார். அவர் இடமாற்றலாகிப் போகிறார். புதியவரின் மேசையில் எந்தக் காகிதமும் இருப்பதில்லை.

நெருக்கடியிலுள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களை மீட்கும் நெறிமுறையை மத்திய அரசு 2015 மே 29இல் அறிவிக்கை செய்தது; ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் அதை வங்கிகளுக்கான விதியாக்கியது. ரூ.25 கோடி வரை கடன் உள்ள தொழில்களுக்கு இது பொருந்தும். வங்கி கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், தொழில் நடத்துபவரே "என் தொழில் தள்ளாடுகிறது" என்று விண்ணப்பிக்கும் உரிமையை இந்த நெறிமுறை தருகிறது. ரூ.10 லட்சம் வரையிலான கணக்குகளைக் கிளை அளவிலேயே பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவை வங்கியின் வட்டார அளவில் உள்ள குழுவுக்குப் போகும்.

2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்த நெறிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று உறுதி செய்தது. அதே தீர்ப்பில் மறுபக்கத்தையும் சொன்னது: தான் குறு, சிறு தொழில் என்பதற்கான சான்றுகளோடு, கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும் முன்பே தொழில் நடத்துபவர் வங்கியிடம் தெரிவித்திருக்க வேண்டும், சொத்தை எடுக்க நோட்டீஸ் வந்து எல்லாம் முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு இந்த உரிமையைக் கோர முடியாது. சுவரில் ஒட்டிய தாள் எதற்கென்று இப்போது புரியும். 30ஆம் நாளுக்குள் கடிதம் போய்விட வேண்டும் என்பது என் கணக்கு. 60 கடந்தால் வங்கிக்கும் கை கட்டப்பட்டுவிடுகிறது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: உத்யம் எண், கடன் கணக்கு எண், என்ன நடந்தது, எந்த நாளில், அதனால் எவ்வளவு பணம் குறைகிறது, கடைசி ஆண்டுக் கணக்குகள், வங்கிக் கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி, கைமாற்று, சரக்கு கொடுத்தவர்களுக்கான பாக்கி என எல்லாக் கடன்களின் பட்டியல், இறுதியாக, நீங்கள் முன்வைக்கும் தீர்வு. கைமாற்றுக் கடனை மறைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. குழு கேட்கும் தகவலில் அதுவும் அடக்கம் என்பதால், பின்னால் தெரியவந்தால் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தீர்வு என்னும் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். "உதவி செய்யவும்" என்ற வரியை வைத்து வங்கியால் ஒன்றும் செய்ய இயலாது. "மோட்டாரை மாற்ற ரூ.1,80,000 ஆகிறது, இரண்டு மாதம் உற்பத்தி பாதியாகும், ஆகவே நான்கு மாதத் தவணையைத் தள்ளி, கடன் காலத்தை நான்கு மாதம் நீட்டிக் கேட்கிறேன், ஐந்தாம் மாதம் முதல் வரவு இவ்வளவு" என்று எழுதினால், கோப்பில் குறிப்பெழுதும் அதிகாரிக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. நெறிமுறையில், கடன் நிபந்தனைகளை மாற்றாமல் நிலுவையைச் சரிசெய்யும் 'திருத்தம்', 'மறுசீரமைப்பு' என இரு நிலைகள் உண்டு. கடன் நிபந்தனைகளையே மாற்றும் மறுசீரமைப்பில், சிறப்புச் சலுகை இல்லாத காலங்களில் கணக்கின் வகைப்பாடு இறங்கக்கூடும், அதாவது வாராக்கடன் வகைக்குப் போகக்கூடும். அது கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் தெரியும். எனவே தற்காலிகப் பற்றாக்குறைதான் என்றால், முதலில் திருத்தத்தையோ கூடுதல் நடைமுறை மூலதனத்தையோ கேளுங்கள். மறுசீரமைப்புக்குக் கையெழுத்திடும் முன், வகைப்பாடு என்னவாகும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

5. ஊரே பாதிக்கப்பட்டிருந்தால்

வெள்ளமோ புயலோ மாவட்டத்தையே தாக்கி, அரசு அதைப் பேரிடராக அறிவித்தால் விதிகள் தளர்கின்றன. மாநில, மாவட்ட அளவிலான வங்கியாளர் குழுக்கள் கூடி நிவாரணத்தை முடிவு செய்யும். ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு நெறிகள், பேரிடர் நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கடன் மறுசீரமைப்பை முடிக்குமாறு கூறின. அவ்வாறு சீரமைக்கப்படும் கணக்கு வகைப்பாட்டில் இறங்காமல் இருக்கவும் வழி செய்தன. இவை அவ்வப்போது திருத்தப்படுவதால், மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் நடப்புச் சுற்றறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பேரிடருக்கு முன்பே நிலுவையில் இருந்த கணக்குகளுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை.

மாநில அரசும் இத்தகைய நேரத்தில் தனிக் கடன்களை அறிவிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அதையடுத்துத் தென்மாவட்ட வெள்ளமும் வந்தபோது சிறுவணிகர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. இவை குறுகிய காலம் மட்டுமே திறந்திருக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் சேத விவரத்தைப் பதிந்து, எண்ணிட்ட ஒப்புகை பெற்று வைத்திருப்பவர்கள் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்க முடியும். மற்றவர்கள் அப்போதுதான் புகைப்படம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

6. வர வேண்டிய பணத்தை வாங்குங்கள்

புதுக்கடனுக்கு முன் இதை வைத்திருப்பதற்குக் காரணம், பல திடீர்ச் செலவுகள் உண்மையில் வராத பணத்தின் மறுபெயர் என்பதே. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உற்பத்தியோ சேவையோ தரும் குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூடும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதமாக இருந்தால், வட்டி 16.5 சதவீதம்.

உடனே புகாருக்குப் போக வேண்டாம். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் இந்த வட்டியையும், வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் சேர்க்கப்பட்டு 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதியையும் குறிப்பிடுங்கள். உரிய நாளுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தராதவர், தருகிற ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முடியும் என்கிறது அந்த விதி. என் அனுபவத்தில் இந்தக் கடிதத்தை வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவதே மேல். கொள்முதல் பிரிவினர் நட்பாகப் பேசுவார்கள், கணக்குப் பிரிவினர் வரியை நினைத்துப் பயப்படுவார்கள். மார்ச் மாதத்துக்கு முன் அனுப்பினால் இன்னும் நல்லது.

அதற்கும் மசியாவிட்டால், குறு, சிறு தொழில்களின் நிலுவைப் பணப் புகார்களுக்காக மத்திய அரசு நடத்தும் இணையதளத்தில் பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், டெலிவரி சலானில் சரக்கைப் பெற்றுக்கொண்ட கையெழுத்து ஆகியவற்றோடு பதியுங்கள். மனு, இத்தகைய நிலுவை வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, மதுரை ஆகிய இடங்களில் இம்மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சட்டம் 90 நாள் என்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டுவது வழக்கம் என்பதால், இந்தப் பணத்தை நம்பி அடுத்த மாத வாடகையைத் திட்டமிடாதீர்கள். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானால், எதிர்த்தரப்பு அதை நீதிமன்றத்தில் எதிர்க்க 75 சதவீதத் தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பதே சட்டத்தின் பலம்.

அந்த வாடிக்கையாளரை இழக்க விரும்பாதவர்களுக்கு மென்மையான வழி ஒன்று உண்டு. டிரெட்ஸ் என்னும் பில் தள்ளுபடித் தளத்தில், வாங்கியவர் பில்லை ஒப்புக்கொண்டால் வங்கிகள் போட்டியிட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு, முன்கூட்டியே பணம் தரும். ரூ.250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இத்தளங்களில் சேர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டுள்ளது. உங்கள் வாடிக்கையாளர் அந்த அளவினரா என்று பாருங்கள்.

7. அதற்குப் பிறகே புதுக்கடன்

இன்னும் பற்றாக்குறை இருந்தால் கடன். மத்திய அரசின் சிறுகடன் திட்டமான முத்ராவில் சிசு பிரிவு ரூ.50,000 வரை, கிஷோர் ரூ.5 லட்சம் வரை, தருண் ரூ.10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு ரூ.20 லட்சம் வரை. வணிகர்களும் இதில் பெறலாம். தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2025இல் மாற்றியமைக்கப்பட்ட பிறகு அதன் மூன்று கட்டங்கள் ரூ.15,000, ரூ.25,000, ரூ.50,000. இதைவிடப் பெரிய தேவைக்கு, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்னும் கடன் உத்தரவாத நிதியம் தரும் உத்தரவாதத்தின் பேரில் ரூ.10 கோடி வரை வங்கிகள் சொத்துப் பிணையின்றித் தரலாம். குறு, சிறு தொழிலுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி நீண்ட காலம் வைத்திருந்த விதி; 2026 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு ரூ.20 லட்சம்.

உத்தரவாதம் என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது வங்கிக்கான பாதுகாப்பு. உங்கள் கடன் தள்ளுபடியாகாது. அதற்கான ஆண்டுக் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் பிடிக்கப்படும்.

மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி., மாநில அரசின் நீட்ஸ் போன்ற மானியத் திட்டங்களுக்கு இந்த நேரத்தில் ஓடாதீர்கள். அவை புதிதாகத் தொடங்குவோரையும், சில நிபந்தனைகளோடு விரிவாக்குவோரையும் நோக்கியவை. எரிந்த மோட்டாருக்கு அங்கே இடமில்லை. கோவிட் காலத்து அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை இன்னும் சிலர் கேட்டு வருகிறார்கள். அது 2023 மார்ச்சோடு முடிந்தது.

முத்ராவுக்கு முகவர்கள் கிடையாது. 'ஒப்புதல் கடிதம்' வாட்ஸ்அப்பில் வந்து, செயலாக்கக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் அது மோசடி. செலவில் மாட்டிக்கொண்டவரைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள்.

8. மறுத்தால் அடுத்து எங்கே

விண்ணப்பத்தை வாய்மொழியாக மறுக்க விடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல நேரங்களில் இந்தக் கோரிக்கையே கோப்பை மறுபடி திறக்க வைக்கும். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் கடன் தருவதா, வேண்டாமா என்னும் வங்கியின் வணிக முடிவில் அவர் தலையிட மாட்டார். பதில் தராமை, விதியை மீறியமை, கட்டணத்தைத் தவறாகப் பிடித்தமை போன்றவற்றையே புகாராக எழுதுங்கள். குறு, சிறு தொழில்களின் குறைகளைக் கேட்கும் மத்திய அரசின் சாம்பியன்ஸ் தளத்திலும் ஒரு மனு பதியலாம்.

இத்தனை மனுக்களும் ஒரே தேதிகளையும் ஒரே தொகைகளையும் சொல்ல வேண்டும். வங்கிக்குச் சேதம் ரூ.4 லட்சம் என்றும், காப்பீட்டுக்கு ரூ.7 லட்சம் என்றும், தொழில் மையத்துக்கு ரூ.5 லட்சம் என்றும் எழுதியவர் ஒருவரின் கோப்பை நேராக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நோட்டில் முதல் கணக்கை எழுதி, அதிலிருந்தே எல்லா விண்ணப்பங்களையும் நிரப்புங்கள். தொகை மாறினால், மாறியதற்கான காரணத்தை அதே பக்கத்தில் குறித்து, ஏற்கெனவே மனு கொடுத்த எல்லா இடங்களுக்கும் திருத்தக் கடிதம் அனுப்புங்கள்.